சீட்டு வேண்டாத மாத்திரை

மைனி கேட்டது இதுதான்: "களியக்காவிளை தாண்டுனா கடையில சும்மா எடுத்துக் குடுக்கான். இங்க கேட்டா 'தடை பண்ணியாச்சு'ங்கான. ஒரே மாத்திரைதானே பிள்ளே, அங்க ஒரு சட்டம் இங்க ஒரு சட்டமா?"

மைனி நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மழுப்பலான விடைக்கு மார்க் போட மாட்டார். திண்ணையில் கட்டன் சாயாவும் ரசவடையும் இருந்தன, வெளியே மழையும் விடுவதாக இல்லை. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சட்டம் ஒன்றுதான். மருந்துகளுக்கான சட்டம் 1940-ல் வந்தது, விதிகள் 1945-ல் வந்தன. இரண்டும் மத்திய அரசுடையவை; காசர்கோட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே எழுத்துதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எத்தனையோ மாறின, இது மாறவில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக் கடைக்காரர் அந்த அறிவிப்பின்படி நடக்கிறார். நம் கடைக்காரர் காதில் விழுந்த ஒரு தடையின்படி நடக்கிறார்.

"அப்போ அந்தத் தடைய யாரு போட்டது?"

அது கொஞ்சம் நீளமான கதை. அதற்குள் போகுமுன் எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்று "அந்த மாத்திரை" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறவருக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கிற பையனுக்கும் தெரியாது, மூன்று வேறு சாமான்கள் அந்த ஒரே பேரில் புழங்குகின்றன என்று.

தினமும் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற மாலா-என், கடையில் மலிவாகக் கிடைக்கிற மாலா-டி, பிறகு தனியார் கம்பெனிகளின் சரக்கு. மாலா-டி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இருபத்தெட்டு மாத்திரை. இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு. வெள்ளையில்தான் மருந்து: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் மாதவிடாய் வரும். ரத்தம் போகிற நாளில் இரும்பு உள்ளே போகட்டும் என்று ஒரு கணக்கு. ராத்திரி மாத்திரை போடும் பழக்கம் நடுவில் அறுந்துபோய் அடுத்த அட்டையைத் தொடங்க மறந்துவிடக் கூடாது என்பது இன்னொரு கணக்கு. எந்த மாத்திரைக்கு அடுத்து எந்த மாத்திரை என்று காட்ட அம்புக்குறி போட்டிருக்கும், படிக்கத் தெரியாதவரும் தொடரலாம். இதை யோசித்துச் செய்தவர் நல்ல வாத்தியாராக இருந்திருக்க வேண்டும் என்றேன். மைனி ஒப்புக்கொண்டார்.

அடுத்தது அவசர மாத்திரை. பெரிய அட்டையில் ஒற்றை மாத்திரை ஒட்டியிருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், அதாவது மாலா-டி வெள்ளை மாத்திரையில் இருக்கும் அதே மருந்து பத்து மடங்கு, ஈஸ்ட்ரடயால் மட்டும் இல்லாமல். உறவு நடந்துவிட்டது, பாதுகாப்பு இல்லை அல்லது உறை கிழிந்துவிட்டது, அல்லது பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்கானது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த 72-ஐத் தவணை மாதிரி நினைத்துக் கடைசி நாள்வரை இழுக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். காரணம் எளிது. ஆணின் உயிரணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள்வரைகூட உயிரோடு இருக்கும், கருமுட்டைக்காகக் காத்திருக்கும். இந்த மாத்திரை செய்கிற ஒரே வேலை, முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவது. முட்டை வந்துவிட்ட பிறகு போட்டால் அநேகமாகப் பயனில்லை. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது, கலைக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில், கரு கர்ப்பப்பையில் பதிவதைக்கூட இந்த மருந்து தடுப்பதில்லை என்று உறைக்குள் வரும் குறிப்பையே திருத்த ஒப்புதல் கொடுத்தது.

மூன்றாவது கருக்கலைப்பு மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்து சேர்ந்தது. இது முற்றிலும் வேறு. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்துக்குள் வருவது, டாக்டர் இல்லாமல் தொடக் கூடாதது. ரத்தப்போக்கு மிஞ்சலாம், கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்குச் சீட்டு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நம் ஊர்க் கடைகளில் நடந்தது என்ன? மூன்றாவதற்கு இருக்கிற பயம் இரண்டாவதன் தலையில் ஏறிவிட்டது. இதில் சட்டத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1954-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, மாய மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிரானது. அதன் மூன்றாம் பிரிவில், எந்தெந்த மருந்துக்கு விளம்பரம் கூடாது என்ற பட்டியலின் முதல் வரியிலேயே கருக்கலைப்பும் கருத்தடையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அரசாங்கம் தானே செய்யும் விளம்பரத்துக்கு விலக்கு உண்டு. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று எழுதிய அதே நாட்டில்தான் இந்தச் சட்டமும் இருந்தது. இன்னும் இருக்கிறது.

2005 அறிவிப்புக்குப் பிறகு அவசர மாத்திரைகளுக்குத் தனியார் விளம்பரங்கள் வந்தன. 2007-ல் சிப்லா கம்பெனி ஐ-பில்லைக் கொண்டுவந்தபோது தொலைக்காட்சியைத் திறந்தால் அதுதான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சில அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. விளம்பரம் கூடுமா என்ற கேள்வி வேறு, விற்பனை கூடுமா என்ற கேள்வி வேறு. ஆனால் முதல் கேள்வியில் கிளம்பிய சூட்டில் இரண்டாவதும் சேர்ந்து வெந்தது. அதிகாரிகளின் கெடுபிடிக்குப் பயந்து கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். சரக்கு எடுக்காத கடையில் வேலை பழகிய அடுத்த தலைமுறைப் பையனுக்கு அது "தடை செய்த மாத்திரை" என்றே போய்ச் சேர்ந்தது. 2020-ல் ஆறு மாநிலங்களில் 1500 மருந்துக் கடைகளில் எடுத்த ஆய்வு ஒன்று வந்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் அவசர மாத்திரை வைத்திருந்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வைக்காதவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம்: தடை. சட்டசபையில் விவாதம் நடக்கவில்லை, அரசாணை வரவில்லை, கோர்ட் தீர்ப்பு இல்லை. ஒரு மாநிலம் முழுவதும் இப்படி ஒரு மருந்து கடை அலமாரியைவிட்டு இறங்கியிருக்கிறது.

"அது எப்படி? குடும்பக் கட்டுப்பாட்டுல நாமதானே முன்னால நிக்கோம்?" என்றார் மைனி.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் முன்னால் நிற்பது ஆபரேஷனில். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சென்னை மாநிலம் 1950-களிலேயே பணம் கொடுத்து ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்தது. அப்போது தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசுவாமி, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். பின்னாளில் அதே நாற்காலியில் இருந்த டி.வி. ஆன்டனி இந்தத் திட்டத்தை எவ்வளவு மும்முரமாக நடத்தினார் என்றால், அவர் பெயரின் முன்னெழுத்துக்கு டியூபெக்டமி, வாசெக்டமி என்று விளக்கம் சொல்லிக் கோட்டையில் கேலி செய்தார்கள்.

குறை சொல்லவில்லை. அந்த மும்முரத்தால் எத்தனையோ தாய்மார்கள் ஏழாவது எட்டாவது பிரசவத்திலிருந்து தப்பினார்கள். ஆனால் அதில் பெண் இருந்த இடம் எது? அரசாங்கம் கணக்குப் பார்த்துக் கொடுத்தது, அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பிள்ளை ஆன பிறகு, பிரசவ வார்டிலேயே, மாமியார் சம்மதத்தோடு. கல்யாணமான புதிதில், முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவில், அல்லது கல்யாணமே ஆகாதபோது, அவளாகவே கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கேட்டு வாங்குவாள் என்று இந்தத் திட்டம் ஒருநாளும் நினைத்ததில்லை. நம் ஊரில் கருத்தடை என்றால் அது அரசாங்கம் வழங்குகிற சாமான். பெண் கேட்டு வாங்குகிற சாமானாக அது ஆகவே இல்லை. சீட்டுச் சண்டையின் அடிவேர் இதுதான் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் கிளை.

ஆண்கள் சமாச்சாரத்தில் அரசாங்கத்துக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. 1968-ல் நிரோத் உறையை நாடு முழுவதும் விற்க முடிவானபோது மருந்துக் கடை போதாது என்று கண்டு, யார் யாருடைய வண்டி பட்டிதொட்டிக்கெல்லாம் போகிறதோ அவர்களைப் பிடித்தார்கள். ஹிந்துஸ்தான் லீவர், யூனியன் கார்பைடு, சிகரெட் கம்பெனி, அப்புறம் நம் சாயாவுக்குத் தூள் கொண்டுவருகிற புரூக் பாண்டும் லிப்டனும். சோப்பு, பேட்டரி, சிகரெட், தேயிலைத்தூள் வந்த வழியிலேயே நிரோத்தும் வந்தது, மூன்று உறை பதினைந்து காசு. வெற்றிலை பாக்குக் கடையில் தொங்கியது. யாரும் சீட்டு கேட்கவில்லை. ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஊர்வலமும் போகவில்லை. அதைச் செய்கிற, அப்போது ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் என்று பேர் கொண்ட தொழிற்சாலை நமக்கு எட்டாத இடத்திலும் இல்லை. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-ல் உற்பத்தி தொடங்கியது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் முன்பகலுக்குள் போய்விடலாம். வாரத்துக்கு ஒன்று போடுகிற, ஹார்மோன் இல்லாத சஹேலி மாத்திரையை 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த மருந்து, முழுக்க நம் நாட்டுச் சரக்கு. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதை நம் பெண்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? மைனி கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சர்ச்சை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1935 டிசம்பர் கடைசியில் திருவனந்தபுரத்தில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. நம் நாஞ்சில் நாடும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. மகாராணி சேது பார்வதி பாயி தலைமை. அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் வந்திருந்தார். அதே மாதம் வார்தாவில் காந்தியைப் பார்த்துக் கருத்தடை பற்றி வாதாடி, அவரை மாற்ற முடியாமல் தெற்கே வந்தவர். மாநாட்டில் கருத்தடைத் தீர்மானம் வந்தபோது கத்தோலிக்கப் பெண் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். விவாதம் நடந்து தீர்மானம் நிறைவேறியது. பெண்களே மேடையேறி, பெண்களே எதிர்த்து, பெண்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அதே காலத்தில் இங்கே பெரியார் வேறொரு கோணத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொல்லிக் கருத்தடை கேட்கிறார்கள். தமக்கு அதெல்லாம் பெரிதல்ல, பெண் சுதந்திரமாக இருக்கக் கருத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். பின்னால் வந்த அரசாங்கங்கள் அவர் படத்தை மாட்டிக்கொண்டு, நாட்டின் வறுமை என்கிற காரணத்தை எடுத்துக்கொண்டு நடந்தன.

சீட்டில்லாமல் விற்பதை எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மகப்பேறு மருத்துவர்கள் சொல்வது: அவசர மாத்திரையை மாதாமாதம், சிலர் வாராவாரம்கூட, போடுகிறார்கள், மாதவிடாய் தாறுமாறாகிறது, உறையை மறந்துவிடுகிறார்கள், பால்வினை நோய்க்கு இந்த மாத்திரை எந்தக் காப்பும் தராது. எல்லாம் உண்மை. இன்னொன்று நானே சேர்க்கிறேன். பல நேரம் கடைக்கு வருகிறவன் ஆண். தான் உறை போட மாட்டான், அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பான். அப்படிப்பட்டவனுக்கு இது வசதி செய்து கொடுக்கிறது என்று ஒரு பெண் மருத்துவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை நான் மறுக்க மாட்டேன்.

மதத்தின் நிலையும் உண்டு. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தேழு பேருக்குச் சற்றுக் குறைவு. 1968-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடை எதையும் ஏற்கவில்லை. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் போதனை அதுதான். சி.எஸ்.ஐ. சபையில் அப்படி முழுத்தடை கிடையாது. நம்பிக்கையால் ஒரு பெண் வேண்டாம் என்றால் அது அவள் தீர்மானம், மதிக்க வேண்டியது. அவளுக்காகக் கடைக்காரர் தீர்மானிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் டாக்டர் சீட்டு என்று வைத்தால் என்ன நடக்கும் என்று நம் மாவட்டத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். சீட்டு என்பது வெறும் தாள் இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்று நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்கு ஆள் இருப்பார்கள், இதற்கு யார்? திங்கட்கிழமை ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ஒன்றுவிட்ட சித்தியாக இருப்பார், இல்லையென்றால் "நீ யாருக்க மவ?" என்று கேட்டு ஐந்து நிமிஷத்தில் சித்தியாகிவிடுவார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம் என்றால் ஒருநாள் லீவு, போக்குவரத்துச் செலவு, வீட்டில் சொல்ல ஒரு பொய். அதற்குள் 72-ல் பாதி போயிருக்கும். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பெண் என்றால் இன்னும் கஷ்டம். 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் அவள் டாக்டரிடமே போக மாட்டாள். பாதிக்கப்பட்டவளாக இருந்தாலும் போக மாட்டாள். கடைசியில் மாத்திரையின் இடத்தில் கலைப்பு வரும். சீட்டில்லாமல் கள்ளத்தனமாகக் கிடைக்கிற மூன்றாவது சாமானைத் தேடிப் போவாள். எதைத் தடுக்க நினைத்தோமோ அதற்கே வழி விட்டதாக ஆகிவிடும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். மாவட்டம் முழுவதும் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் வீடு வீடாக உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார்கள். மாப்பிள்ளை ஊரில் இல்லாத மாதங்களில் மனைவி எதற்காகத் தினமும் ஹார்மோன் மாத்திரை போட வேண்டும்? அவர் வருகிற தேதி தெரிந்தால் முன்கூட்டியே தொடங்கலாம். படகு ஒருநாள் முந்திக் கரைக்கு வந்தால்? டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிற கருத்தடைத் திட்டம் தினமும் கணவனும் மனைவியும் ஒரே கூரைக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. நம் கடற்கரைக்கு அது பொருந்தாது. கைக்கெட்டுகிற தூரத்தில், கேள்வி கேட்காமல் கிடைக்கிற ஒரு வழி, எப்போதாவது ஒருமுறைக்கு, இங்கே மற்ற ஊர்களைவிட அதிகம் தேவை.

2024-ல் இந்த விவாதம் டெல்லியிலும் தலைதூக்கியது. அவசர மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தப் போகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. எதுவும் மாறவில்லை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தில்தான் பழைய சிக்கல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. சீட்டு வேண்டிய மருந்துகளுக்கு எச் அட்டவணை. விலக்குப் பெற்றவற்றுக்குக் கே அட்டவணை. எத்தினைல் ஈஸ்ட்ரடயால், சஹேலியில் உள்ள சென்ட்குரோமான் போன்ற மருந்துகளின் பெயர் எச்-சில் இருக்கிறது. அதே மருந்து கருத்தடைக்கான குறிப்பிட்ட அளவில் வந்தால் கே-யின் விலக்கு கிடைக்கிறது. கடைக்காரர் எச் பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிறார். கே பட்டியலை அவருக்கு யாரும் காட்டவில்லை. அரசாங்கமோ இதே மருந்துகளை ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. 2011-ல் தொடங்கிய திட்டம் அது: மாலா மாத்திரை அட்டை ஒரு ரூபாய், அவசர மாத்திரை இரண்டு ரூபாய். ஆஷா பணியாளர் டாக்டரும் இல்லை, பார்மசிஸ்டும் இல்லை. அவர் கொடுத்தால் பாதுகாப்பு, டி.பார்ம் படித்தவர் கல்லாவில் நின்று கொடுத்தால் ஆபத்து என்றால் மைனியின் கணக்கில் அது தேறாது.

தினசரி மாத்திரையில் மட்டும் நான் கொஞ்சம் நிதானிப்பேன். அதில் ஈஸ்ட்ரடயால் இருப்பதால் எல்லாருக்கும் ஆகாது. ரத்த அழுத்தம் உள்ளவர், கால் ரத்தக்குழாயில் முன்பு ரத்தம் உறைந்தவர், கண்ணில் மின்னல் வெட்டி வருகிற ஒற்றைத் தலைவலிக்காரர், முப்பத்தைந்து தாண்டிப் புகை பிடிப்பவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர், ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைக்குப் பால் கொடுப்பவர், இவர்கள் தொடக் கூடாது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கும் சில வலிப்பு மருந்து சாப்பிடுகிறவருக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. இதற்கு டாக்டர் சீட்டுதான் வேண்டுமா? ஏழெட்டுக் கேள்வியும் ஒரு பி.பி. மெஷினும் போதும், பெரும்பாலோருக்கு. அமெரிக்கா 2023 ஜூலையில்தான் முதன்முதலாக ஒரு தினசரி மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது, ஓபில் என்று பேர், ஈஸ்ட்ரடயால் இல்லாதது. இங்கிலாந்து அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பார்மசிஸ்ட் கேள்வி கேட்டுக் கொடுக்கலாம் என்றது. நம் நாட்டில் மாலா-டி எத்தனையோ காலமாகச் சீட்டில்லாமல் கிடைக்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்கிற வழக்கம்தான் நம்மிடம் இல்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது சீட்டை, கேள்வியை அல்ல.

இதற்கு நடுவில் அரசியலின் காற்று திசை மாறியிருக்கிறது. தொகுதி மறுவரையறை வந்தால் ஜனத்தொகைப் பெருக்கம் குறைந்த தென் மாநிலங்களுக்கு நஷ்டம் என்ற கவலையில், 2024 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பதினாறும் பெற்று என்ற பழைய வாழ்த்தை ஒரு கல்யாண மேடையில் நினைவுபடுத்தினார். 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார். அவர் கவலை நியாயமானது. நன்றாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலத்துக்குத் தண்டனையாக எம்.பி. எண்ணிக்கை குறையக் கூடாது. ஆனால் அந்தச் சண்டையை டெல்லியோடு போட வேண்டும். பிள்ளை பெறுகிற உடம்பை அதற்குப் படை திரட்டக் கூடாது. நேற்று "இரண்டு போதும்" என்று சொன்ன அரசாங்கம் நாளை "இன்னும் ஒன்று" என்று சொல்லலாம். இரண்டு அரசாங்கத்துக்கும் கடையில் மாத்திரை கிடைக்கிறதா என்பது கவலையாக இருக்கப் போவதில்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அவசர மாத்திரை போடுகிறவர்கள் சீக்கிரம் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முன்பின் ஆகலாம். மூன்று வாரத்துக்குள் வரவில்லையென்றாலோ, அடிவயிறு ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒருமுறைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் காப்பர்-டியோ, தினசரி மாத்திரையோ, உறையோ எது உங்களுக்குத் தோது என்று கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள். அது அவர் வேலை, முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த நர்சிடம் கேளுங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு விண்ணப்பம். எதற்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம், கல்லாவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கை எழுதி ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். புதிய சட்டம் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். எல்லையோரம் இருக்கிற நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். அதுவரை, கடைக்காரர் உங்களிடம் "தடை" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். எந்த ஆணை, என்ன தேதி என்று மட்டும் கேளுங்கள்.